சிறுவனுக்கு விற்ற சீட்டு: பிரிட்டிஷ் லாட்டரிச் சட்டமும் கடைக்காரர் பொறுப்பும்

ராஜாங்கமே உத்தரவளித்து, ராஜாங்கமே மேற்பார்வை செய்து, ராஜாங்கமே வருமானத்தில் பங்கும் பெறுகின்ற ஒரு சூதாட்டத்தில், குறிப்பிட்ட வயதுக்குட்பட்டோர் சீட்டு வாங்கலாகாது என்று விதி செய்து, அந்த விதி மீறப்பட்டால் தண்டனை யாரைச் சாரும் என்பதையும் அதே ராஜாங்கம் வகுக்கும்போது, அந்த வகுப்பில் நியாயம் எவ்வளவு, சௌகரியம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது. மது விற்பவரும் புகையிலை விற்பவரும் தத்தம் சரக்கைத் தாமே கொள்முதல் செய்து தம் லாபத்துக்காக விற்கிறார்கள். அவர்கள் சிறுவருக்கு விற்றால் அரசாங்கம் வெளியில் நின்று தண்டிக்கிறது. லாட்டரியின் நிலைமை வேறு. அங்கே சரக்கு என்பதே அரசாங்கத்தின் அநுமதியால் மட்டும் உண்டாவது. அதை அச்சிடுவதும் விளம்பரப்படுத்துவதும் பெரிய நிறுவனமொன்றின் வேலை. கடைக்காரரோ அந்த நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி மாத்திரமே. 1993-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய தேசிய லாட்டரிச் சட்டம் இந்தக் கடைசிக் கண்ணியின்மீது ஏற்றிய பாரம் எத்தகையது, அது தகுமா என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

சிறுவர்க்கும் லாட்டரிக்கும் உள்ள சம்பந்தம் இங்கிலாந்தில் மிகப் பழையது; ஆனால் ஆதியில் அது விலக்கின் சம்பந்தமாக இருக்கவில்லை. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1569-இல், லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் வாயிலில் நாட்டின் முதல் அரசாங்க லாட்டரிக் குலுக்கல் நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கில்டுஹால் மண்டபத்தில், ஜனத்திரளுக்கு நடுவே பெரிய சக்கரங்களைச் சுழற்றிச் சீட்டெடுத்த காலத்தில், அந்தச் சக்கரங்களுக்குள் கைவிட்டுச் சீட்டை எடுத்தவர்கள், கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்னும் தர்மப் பள்ளியில் பயின்ற, நீல அங்கி தரித்த சிறுவர்கள். சூதறியாத பிள்ளையின் கை பொய் செய்யாது என்பது அக்காலத்து நம்பிக்கை. 1775-இல் அச்சிறுவர்களில் ஒருவனை வசப்படுத்திச் சீட்டொன்றை மறைத்து எடுக்கச் செய்த மோசடி வெளிப்பட்டபோது, இனிமேல் பிள்ளைகளின் சட்டைப்பைகளைத் தைத்து மூடவேண்டும் என்றும் கைகளைப் பரிசோதிக்கவேண்டும் என்றும் அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். பிள்ளையைச் சூதின் பக்கத்திலிருந்தே விலக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. பிள்ளையின் சட்டைப்பையை மூடினால் போதும் என்றே தோன்றியது. ஸ்பெயின் தேசத்தில் மாட்ரிட் நகரத்து சான் இல்டெபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் இன்றைக்கும் ஆண்டுதோறும் டிசம்பர் 22-ஆம் தேதி கிறிஸ்துமஸ் லாட்டரியின் எண்களை ராகம் போட்டுப் பாடி அறிவிக்கிறார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1808-இல் காமன்ஸ் சபையின் குழுவொன்று லாட்டரியால் ஏழைக் குடும்பங்களுக்கு விளைந்த கேட்டை விசாரித்து அறிக்கை தந்தது. 1826-இல் கடைசிக் குலுக்கலும் நடந்து முடிந்தது. அதன் பின்னர் ஏறத்தாழ 168 ஆண்டுகள் பிரிட்டனில் அரசாங்க லாட்டரி இல்லை. இந்த இடைக்காலத்தில்தான், வயது குறைந்தோரைச் சூதுக்கு இழுப்பது தனியொரு குற்றம் என்னும் எண்ணம் சட்டத்தில் இடம்பெற்றது. 1892-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, 21 வயது நிரம்பாதவர்களுக்குப் பந்தயம் கட்டுமாறும் கடன் வாங்குமாறும் தூண்டும் சுற்றறிக்கைகளை அனுப்புவதைத் தண்டனைக்குரியதாக்கிற்று. அச்சட்டம் யாரைக் குறிவைத்தது என்பது கவனிக்கத்தக்கது. ஆசை காட்டிக் கடிதம் அனுப்புகிறவனை, அதாவது சூதைத் திட்டமிட்டு நடத்தி அதனால் செல்வம் சேர்ப்பவனையே அது குற்றவாளியாகப் பார்த்தது.

ரோத்ஸ்சைல்டு பிரபுவின் தலைமையில் அமைந்த சூதாட்டம் பற்றிய ராயல் கமிஷன் 1978-இல் தேசிய லாட்டரி ஒன்றைச் சிபாரிசு செய்தது. ஜான் மேஜர் பிரதம மந்திரியாக இருந்தபோது 1993-இல் அதற்குரிய சட்டம் நிறைவேறி, 1994 நவம்பர் 19-ஆம் தேதி முதல் குலுக்கல் பி.பி.சி. தொலைக்காட்சியில் நாடே பார்க்க நடந்தேறியது. அந்நாளில் 1 பவுண்டு விலையுள்ள சீட்டில் 49 எண்களிலிருந்து 6 எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஆறும் பொருந்துவதற்குரிய வாய்ப்பு 1,39,83,816-இல் ஒன்றாக இருந்தது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் சுரண்டல் சீட்டுகளும் கடைகளுக்கு வந்தன. வாரக் குலுக்கலுக்குக் காத்திருக்கும் பொறுமை இல்லாதவர்களையும் இவை பிடித்துக்கொண்டன. நாணயத்தின் விளிம்பால் பூச்சைச் சுரண்டினால் அந்தக் கணத்திலேயே முடிவு தெரியும் என்ற ஏற்பாடு இளம் மனத்தை எப்படிக் கவரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பணம் பிரிந்த விதத்தையும் சொல்லவேண்டும். ஏனெனில் தண்டனை பிரிந்த விதத்தை அதனோடு ஒப்பிட்டால்தான் விஷயம் விளங்கும். ஆரம்ப ஆண்டுகளில் ஒரு பவுண்டுச் சீட்டில் சுமார் 50 பென்ஸ் பரிசுக்கும், 28 பென்ஸ் கலை, விளையாட்டு, தர்ம காரியங்கள் முதலிய நற்பணிகளுக்கும், 12 பென்ஸ் வரியாக அரசாங்கத்துக்கும், 5 பென்ஸ் நடத்துநரான கேம்லாட் நிறுவனத்தின் செலவுக்கும் லாபத்துக்கும், 5 பென்ஸ் கடைக்காரருக்கும் போயின. கடையின் வாடகையும் மின்சாரமும் வேலையாளின் கூலியும் இந்த 5 பென்சுக்குள் அடங்கவேண்டியவை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டு விதிகளில், 16 வயது நிறையாத எவருக்கும் எவராலும் தேசிய லாட்டரிச் சீட்டு விற்கப்படலாகாது, 16 வயது நிறையாத எவரும் அதனை விற்கவும் கூடாது என்று இரு பக்கமும் அணை போடப்பட்டது. விதியை மீறினால் என்ன என்பதை மூலச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு கூறுகிறது. கீழ் நீதிமன்றத்தில் சுருக்க விசாரணை நடந்தால் சட்டம் அநுமதிக்கும் உச்ச அபராதம். அது அந்நாளில் 5,000 பவுண்டு. மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலாகி விசாரணை நடந்தால் 2 ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2015 மார்ச் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கீழ் நீதிமன்றங்களின் 5,000 பவுண்டு என்ற அந்த மேல்வரம்பும் நீங்கிவிட்டது. 5 பென்ஸ் கமிஷன் கணக்கில் 5,000 பவுண்டு அபராதத்தை ஈடுகட்ட ஒரு கடைக்காரர் 1,00,000 சீட்டுகள் விற்கவேண்டும். அதுவும் வேறு செலவே இல்லையென்று வைத்துக்கொண்டால்.

ஆனால் தண்டனையின் அளவைக் காட்டிலும் முக்கியமானது, அது மூன்று வகையாருக்குப் பங்கிடப்பட்ட முறை. முதல் வகையார், லாட்டரியை நடத்துநர்: விதி மீறப்பட்டால் அவரும் குற்றவாளியே, ஆயினும் தம் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் அது நிகழ்ந்ததென்றும், நிகழாதபடி தடுக்கத் தாம் உரிய ஜாக்கிரதை முழுவதும் எடுத்துக்கொண்டதாகவும் காட்டினால் அவர் தப்புவார். இரண்டாம் வகையார், நடத்துநர் நிறுவனத்தின் டைரக்டர், மானேஜர், செயலாளர் முதலிய அதிகாரிகள்: அவர்கள் சம்மதித்தோ உடந்தையாக இருந்தோ, அல்லது அவர்களது அசிரத்தையினாலோ மீறல் நேர்ந்தால் மட்டுமே குற்றம். மூன்றாம் வகையார், மீறலில் சம்பந்தப்பட்ட வேறு எவராயினும்: அவர் குற்றவாளி. அவ்வளவுதான். ஜாக்கிரதையைப் பற்றியோ, சம்மதத்தைப் பற்றியோ, அசிரத்தையைப் பற்றியோ அந்த மூன்றாம் உட்பிரிவில் ஒரு சொல்கூட இல்லை. பெரியவர்களுக்குத் திறந்துவைத்த வாசலைச் சிறியவருக்கு மூடியது வேண்டுமென்று செய்ததா, எழுதுகையில் விடுபட்டதா என்ற கேள்வி, சட்டம் நடைமுறைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது.

லண்டனின் வடமேற்கில் உள்ள ஹாரோவில், தம்பதியாகவோ பங்காளிகளாகவோ இருவர் சேர்ந்து நடத்தும் எண்ணற்ற சிறு கடைகளைப் போல ஒரு பத்திரிகைக் கடை. அதன் உரிமையாளர் இருவரும் அசட்டைக்காரர்கள் அல்லர். 16 வயதுக்குட்பட்டவர்க்குச் சீட்டு விற்கலாகாது என்று வேலையாட்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். சந்தேகம் தோன்றினால் வயதுக்கு அத்தாட்சி கேட்கவேண்டும், பிறகும் சந்தேகம் நீங்காவிட்டால் தங்களிடம் கேட்டே விற்கவேண்டும் என்று கட்டளையிட்டிருந்தார்கள். இதை அடிக்கடி நினைவூட்டியும் வந்தார்கள். கல்லாப் பக்கத்திலும் லாட்டரி இயந்திரத்தின் பக்கத்திலும் எச்சரிக்கை ஒட்டப்பட்டிருந்தது. 1998 ஏப்ரல் 25-ஆம் தேதி கடையில் ஒரு வேலையாள் நின்றார். உரிமையாளரில் ஒருவர் பின்னறையில் இருந்தார். மற்றவர் கடையிலேயே இல்லை. வந்த பையனுக்கு வயது பதின்மூன்றரை. வேலையாளோ அவனைப் பார்த்து 16 ஆகியிருக்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை நியாயமானதே என்று பின்னர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சீட்டு விற்கப்பட்டது. ஹாரோ நகராட்சி உரிமையாளர் இருவர்மீதும் வழக்குத் தொடர்ந்தது.

மாஜிஸ்திரேட்டுகள் வழக்கைத் தள்ளினார்கள். எந்த மனிதரும் செய்யக்கூடிய முன்னேற்பாட்டையெல்லாம் இவர்கள் செய்துவிட்டார்கள். இதற்குமேல் இவர்களிடம் குற்றம் காண்பது எங்ஙனம் என்பது அவர்கள் நினைப்பாக இருந்திருக்கும். நகராட்சி மேல்முறையீடு செய்தது. 1999-இல் உயர்நீதிமன்றத்தின் அமர்வு நகராட்சியின் பக்கம் தீர்ப்பளித்தது. கடையில் நடந்த விற்பனை சட்டத்தின் கண்ணுக்கு உரிமையாளரின் விற்பனையே. நடத்துநரைப் பற்றிய உட்பிரிவில் ஜாக்கிரதை என்னும் எதிர்வாதத்தை வெளிப்படையாக எழுதிய பாராளுமன்றம் மூன்றாம் உட்பிரிவில் அதை எழுதாமல் விட்டது தற்செயல் ஆகாது. ஆகவே இது கடும்பொறுப்புக் குற்றம். சீட்டு விற்கப்பட்டதா, வாங்கியவனுக்கு வயது நிறையவில்லையா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்று விடை வந்தால் குற்றம் பூர்த்தியாகிவிட்டது. விற்றவர் என்ன நினைத்தார் என்பதும் உரிமையாளர் என்ன முயன்றார் என்பதும் தண்டனையின் அளவைப் பாதிக்கலாமே ஒழியக் குற்றத்தை இல்லாமற் செய்யா என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆங்கிலேயச் சட்டத்தில் இது புதிய பாதையன்று. 1884-இல் ஒரு மதுக்கடைக்காரர், வந்தவர் ஏற்கெனவே போதையில் இருந்ததை அறியாமல் மது விற்றுத் தண்டனை பெற்றார். அறியாமை அங்கே செல்லவில்லை. ஆனால் 1895-இல் வேறொரு மதுக்கடைக்காரர், பணியிலிருந்த போலீஸ்காரர் ஒருவர் தம் கைப்பட்டையைக் கழற்றிவிட்டு வந்து நின்றதால் பணி முடிந்துவிட்டது என்று எண்ணி மது கொடுத்தபோது, குற்ற எண்ணம் இல்லாத இடத்தில் குற்றம் இல்லை என்ற மூலதர்மத்தைச் சொல்லி நீதிபதிகள் அவரை விடுவித்தார்கள். இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே ஆங்கிலேய நீதிமன்றங்கள் நூறு ஆண்டு நடந்து, ஹாங்காங் கட்டட வழக்கொன்றில் 1984-இல் பிரிவி கவுன்சிலின் சார்பில் ஸ்கார்மன் பிரபு எழுதிய தீர்ப்பில் ஒரு நிலைக்கு வந்து சேர்ந்தன. குற்ற எண்ணம் வேண்டும் என்பதே எப்போதும் முதல் ஊகம். சமுதாயத்தின் நலத்தையோ பாதுகாப்பையோ பாதிக்கும் விஷயமாக இருந்து, கடுமையான பொறுப்பை விதிப்பதால் ஜனங்களின் ஜாக்கிரதை அதிகரிக்கும் என்றும் தெரிந்தால் மட்டும் அந்த ஊகம் விலகும். ஹாரோ வழக்கில் இவ்விரண்டும் இருப்பதாக நீதிபதிகள் கண்டார்கள். இளையோர் சூதாடுவது சமுதாயத்துக்குக் கவலை தரும் விஷயம் என்பதை யார் மறுப்பார்? பொறுப்பு கடுமையானால் கடைக்காரர் இன்னும் விழிப்பாக இருப்பார் என்பதையும் முற்றிலும் தள்ள இயலாது.

சட்டத்தின் வாசகத்தைப் படித்த மட்டில் அந்த நீதிபதிகள் பிழை செய்ததாக நான் கருதவில்லை. மூன்று உட்பிரிவுகளை அடுத்தடுத்து எழுதி, இரண்டில் விலக்குக் கொடுத்து, மூன்றில் கொடாமல் விட்ட பாராளுமன்றத்தின் உத்தேசத்தை வேறு எப்படித்தான் அவர்கள் ஊகிப்பது? என் மனஸ்தாபம் பாராளுமன்றத்தின் மேலது. இருக்கின்ற மூவரில், சட்ட நிபுணர்களையும் பயிற்சிப் பிரிவுகளையும் கணக்கர்களையும் வைத்துக்கொண்டு ஜாக்கிரதைக்கு அத்தாட்சிகளைக் கோப்புக் கோப்பாகச் சேர்த்து வைக்கக்கூடியவர் நடத்துநர். அவருக்கு ஜாக்கிரதை ஓர் எதிர்வாதம். காலை ஐந்து மணிக்குப் பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து அடுக்கத் தொடங்கி, இரவு பத்து மணிக்குக் கதவடைக்கும் கடைக்காரருக்கு அதே ஜாக்கிரதை எதிர்வாதமே அன்று. பையனின் முகத்தைப் பார்த்து நொடியில் வயதைக் கணிக்க வேண்டிய கட்டாயம் இவருக்கே உரியது; கணிப்புத் தவறினால் அதை மன்னிக்கும் சலுகையோ, அந்த முகத்தைப் பார்க்கவே வேண்டியிராதவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் பாரம் யார்மேல் விழுகிறது என்பதில் தமிழ் வாசகருக்கு நேர்ச் சம்பந்தம் ஒன்று உண்டு. பிரிட்டனின் மூலைக் கடைகளையும் பத்திரிகைக் கடைகளையும் நடத்துவோரில் குஜராத்திகளும் பஞ்சாபிகளும் பெரும் பகுதியினர். 1980-களிலிருந்து யுத்தத்தினால் இலங்கையை விட்டுப் புலம்பெயர்ந்து வந்த தமிழர்களும் அவ்வரிசையில் சேர்ந்தார்கள். ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் இத்தகைய கடை ஒன்றுக்குள் நுழைந்தால், கல்லாவுக்கு ஒரு பக்கத்தில் லாட்டரி இயந்திரமும், கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசை வரிசையாகச் சுருண்டு தொங்கும் சுரண்டல் சீட்டுகளும், அவற்றுக்குப் பக்கத்திலேயே பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் எட்டி எடுக்கும் உயரத்தில் மிட்டாய்ப் பெட்டிகளும் இருப்பதைக் காணலாம். உயரமாக வளர்ந்த ஒரு பையன் மிட்டாயோடு ஒரு சுரண்டல் சீட்டும் கேட்கிறான். யாழ்ப்பாணத்து முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, ஐ.டி. வச்சிருக்கிறீரோ?" என்கிறார். "இல்லை அங்கிள், வீட்டில இருக்கு." "அப்ப எடுத்துக்கொண்டு வாரும். இல்லாட்டி அப்பாவை வந்து வாங்கச் சொல்லும்." வரிசையில் நான்கு பேர் பின்னால் நிற்கும்போது, பையனும் முகம் சுளிக்க, இந்த மூன்று வாக்கியங்களைச் சலிக்காமல் தினந்தோறும் சொல்வதுதான் சட்டம் கேட்கும் ஜாக்கிரதை.

விதியின் மற்றப் பக்கம், அதாவது 16 வயது நிறையாதவர் விற்கவும் கூடாது என்பது, இந்தக் குடும்பங்களின் வாழ்க்கையைத் தனியே தொட்டது. குடும்பமே கூடிக் கடையைத் தாங்குவது நம்மவர் வழக்கம். தாய் சமையலைப் பார்க்க மாடிக்குப் போன ஐந்து நிமிஷம், பதினான்கு வயது மகள் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறாள். அவள் பால் விற்கலாம், பத்திரிகை விற்கலாம். அந்த இயந்திரத்தின் பொத்தானை மட்டும் தொடலாகாது. தொட்டால், வாங்கியவர் எண்பது வயதுக் கிழவராயினும் விதி மீறப்பட்டதே. இந்த ஏற்பாட்டை நான் குறை கூறவில்லை. பிள்ளையின் கையாலேயே சீட்டெடுக்கச் செய்த கில்டுஹால் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றமே.

நீதிமன்றத்துக்குப் போகும் வழக்குகள் சொற்பம். நடைமுறையில் கடைக்காரரை அதிகம் கட்டுப்படுத்தியது சிறைப் பயமன்று; இயந்திரத்தை இழக்கும் பயம். கேம்லாட் நிறுவனம் "ஆபரேஷன் சைல்டு" என்ற பெயரில் ஒரு சோதனை ஏற்பாட்டை நடத்திவந்தது. 16 வயது நிறைந்தும் அதற்குக் குறைவாகத் தோற்றமளிக்கும் இளையோரைச் சீட்டு வாங்க அனுப்புவார்கள். வயதைக் கேளாமல் கடைக்காரர் விற்றுவிட்டால் எச்சரிக்கை. மூன்றாம் முறையும் தவறினால் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வந்தவர் உண்மையில் வயது நிறைந்தவரே ஆகையால் சட்டப்படி அங்கே குற்றமே நிகழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; தண்டனை மட்டும் நிகழ்கிறது. சீட்டு வாங்க வருகிறவர் பாலும் ரொட்டியும் வாங்கிப் போவதால் உயிர் வாழும் சிறு கடைக்கு இயந்திரம் போவதென்பது அபராதத்தைக் காட்டிலும் பெரிய அடி. மேல்முறையீட்டுக்கு ஒரு நீதிமன்றம் இல்லை. ஒப்பந்தத்தின் ஷரத்து ஒன்றே பிரமாணம். நகராட்சிகளின் வர்த்தக ஆய்வாளர்கள் வேறு, உண்மையான சிறுவர்களையே தங்கள் மேற்பார்வையில் அனுப்பிச் சோதிக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் இத்தகைய சோதனைக் கொள்முதலில் ஈடுபடும் பிள்ளைக்கும் அனுப்பிய அதிகாரிக்கும் குற்றம் சாராதபடி தனிப் பிரிவே வைத்திருக்கிறது.

இவ்வளவு கண்டிப்பினால் பயன் விளைந்ததா என்றால், விளைந்தது என்றே நேர்மையாகச் சொல்லவேண்டும். 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் பாஸ்போர்ட்டோ வாகன ஓட்டுநர் உரிமமோ அங்கீகாரம் பெற்ற வயது அட்டையோ கேட்பது என்னும் வழக்கம் பிரிட்டிஷ் கடைகளில் இன்று வேரூன்றியிருக்கிறது. முகத்தைப் பார்த்து 16-ஆ 15-ஆ என்று கணிப்பது மனித சக்திக்கு அப்பாற்பட்டது. 25-க்கு மேலா கீழா என்று கணிப்பது எளிது. இடையில் கிடைக்கும் அந்த இடைவெளியே கடைக்காரருக்குக் காப்பு. ஹாரோத் தீர்ப்பின் கடுமையும் அதையொத்த மது, புகையிலை விதிகளின் கடுமையும் இல்லாதிருந்தால் இந்த வழக்கம் இவ்வளவு விரைவில் பரவியிருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் பயன் விளைந்தது என்பதால் பங்கீடு நியாயமாகிவிடாது. மேலும், சீட்டுச் சுரண்டிய பிள்ளைகளில் கணிசமானோர் தாமே கடைக்குப் போய் ஏமாற்றி வாங்கியவர்கள் அல்லர்; பெற்றோர் பக்கத்தில் நிற்க, பெற்றோர் பணத்தில் வந்த சீட்டு அது என்பதைச் சூதாட்ட ஆணையத்தின் இளையோர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கல்லாவில் எத்தனை பூட்டுப் போட்டாலும் வீட்டு வாசல் வழியாக உள்ளே போகிற சீட்டை அது தடுக்காது.

இதே 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தர்ம ஸ்தாபனங்களும் சங்கங்களும் நடத்தும் சிறிய லாட்டரிகளையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. அவற்றில் 16 வயது நிறையாத சிறுவரைப் பங்குகொள்ள அழைப்பதும் அநுமதிப்பதும் குற்றம். 51 வாரம்வரை சிறையும் அபராதமும் அதற்குரிய தண்டனையாக எழுதப்பட்டன. ஆயினும் அச்சட்டம் வேறொன்றும் செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர், வந்தவரின் வயதை அறிய நியாயமான முயற்சிகள் யாவும் தாம் செய்ததையும், அவர் சிறுவர் அல்லர் என்று நியாயமாகவே நம்பியதையும் நிரூபித்தால் விடுதலை பெறலாம் என்று 63-ஆம் பிரிவில் வைத்தது. நிரூபிக்கும் பாரம் அவர்மேலேயே இருக்கிறது. ஆனால் நிரூபிக்க ஒரு வாசல் இருக்கிறது. ஹாரோக் கடைக்காரர்களின் கதையை அப்படியே எடுத்து, தேசிய லாட்டரிச் சீட்டுக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டும் சங்கமொன்றின் லாட்டரிச் சீட்டை அந்த வேலையாளின் கையில் வைத்துப் பார்த்தால், அவர்கள் விடுதலை பெறுவதற்கு நல்ல இடம் இருக்கிறது. அந்த லாட்டரியில் பணம் தர்மத்துக்குச் சேர்கிறதே, ஆகையால் சலுகை என்று சொல்வதற்கில்லை. 63-ஆம் பிரிவு கொழுத்த லாபம் பார்க்கும் பந்தய நிலையங்களுக்கும் சூதாட்ட மண்டபங்களுக்கும்கூடப் பொருந்துகிறது. ராஜாங்கத்தின் சொந்த லாட்டரியை விற்கும் கடைக்காரருக்கு மட்டும் அது எட்டவில்லை.

இந்த முழுக் கட்டுமானத்தின் அஸ்திவாரத்தில் இருந்த முரண்பாட்டைச் சொல்லாமல் விடலாகாது. குதிரைப் பந்தயம், காசினோ முதலிய பெரும்பாலான சூதுகளுக்கு 18 வயது எல்லையாக இருக்க, தேசிய லாட்டரிக்கு 16 என்று வைத்தது அரசாங்கமே. பதினேழு வயதுப் பள்ளி மாணவனுக்குச் சுரண்டல் சீட்டு விற்பது 26 ஆண்டுகளுக்கு மேல் சட்டசம்மதமான வியாபாரமாக இருந்தது. 2003-இல் 16 வயதுப் பெண் ஒருத்தி 18 லட்சம் பவுண்டுக்கு மேல் பரிசு பெற்றாள். 2013-இல் 17 வயதுப் பெண் ஒருத்தி 10 லட்சம் பவுண்டு பெற்று, சில ஆண்டுகள் கழித்து, அந்த வயதில் அந்தப் பணம் தனக்கு வந்திருக்கக்கூடாது, வயது எல்லை 18 ஆக வேண்டும் என்று பகிரங்கமாகவே பேசினாள். அந்நாளில் பதினைந்தே முக்கால் வயதுப் பையனுக்கு விற்றவர் இரண்டாண்டுச் சிறைக்குரிய குற்றவாளியானார். மூன்று மாதம் கழித்து அதே பையனுக்கு அதே சீட்டை விற்றிருந்தால் அவர் நற்பணிக்கு உதவியவர் ஆகியிருப்பார். சட்டத்தில் எங்கேனும் ஓரிடத்தில் கோடு கிழித்தே ஆகவேண்டும் என்பது வாஸ்தவம். ஆனால் தன் வருமானத்துக்காகக் கோட்டை இரண்டு வயது தாழ்த்திக் கிழித்த ராஜாங்கம், அந்தக் கோட்டைத் தவறிக் கடந்தவரிடம் இவ்வளவு தயையின்றி நடந்துகொள்வது எனக்கு வருத்தம் தருகிறது.

2019-இல் வயது எல்லை பற்றி அரசாங்கம் ஜனங்களின் அபிப்பிராயம் கேட்டது. 2020 டிசம்பரில் 18-ஆக உயர்த்துவதென்று முடிவு வெளியாயிற்று. 2021 ஏப்ரல் மாதம் இணையத்தில் 16, 17 வயதினருக்கு விற்பது நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் கடைகளிலும் 18 என்பதே விதி. 2024 பிப்ரவரியில் கேம்லாட்டின் இடத்துக்கு ஆல்வின் நிறுவனம் வந்தது. வயது எல்லை உயர்ந்ததையொட்டிச் சோதனை ஏற்பாட்டின் பெயரும் "ஆபரேஷன் 18" என்று ஆகியிருந்தது. இளையோரைக் காப்பதில் முப்பது ஆண்டுத் தண்டனை வழக்குகள் எல்லாம் சேர்ந்து செய்ததைவிட, கோட்டை நகர்த்திய இந்த ஒரு திருத்தம் அதிகம் செய்தது என்பது என் துணிபு. கடைக்காரரைப் பொறுத்தவரை, குற்றத்துக்குள் அகப்படக்கூடிய வயதினரின் எண்ணிக்கை கூடியிருக்கிறது; தாடி முளைத்த பதினேழு வயது வாலிபனும் இப்போது அதற்குள் வந்துவிட்டான். பாரம் கூடிய அந்தச் சந்தர்ப்பத்திலாவது எதிர்வாதம் கொடுக்கப்பட்டிருக்கலாம். வயதை மட்டும் மாற்றிய விதித் திருத்தத்தில் அதற்கு இடம் வைக்கப்படவில்லை.

செய்யவேண்டியது கடினமானதன்று. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் பாராளுமன்றம் தானே எழுதிய வாசகத்தை, 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவுக்கு அடியில் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும். அப்போது, அத்தாட்சியே கேளாமல் விற்றவர் இன்றுபோலவே தண்டனை பெறுவார். பொய் அட்டையைக் காட்டி ஏமாற்றப்பட்டவரும், வேலையாளுக்குப் பயிற்சி தந்து, எச்சரிக்கை ஒட்டி, மறுக்கப்பட்ட விற்பனைகளைப் பதிவேட்டில் குறித்து வைத்துப் பின்னறையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவரும், நீதிபதியின் முன் நின்று அந்தப் பதிவேட்டை நீட்டி, நான் செய்தது இவ்வளவு என்று சொல்லும் உரிமையைப் பெறுவார்கள்.